கடையில் ஓடிய பஸ்

நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சரவணன் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பழுது என்றால் நீங்கள் முதலில் கைப்பேசியை எடுத்து, உலகத்தின் எந்தெந்த மூலையில் யார் யாருக்கு இதே பழுது வந்தது என்று படிக்கிறீர்கள். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே தொடுகிறீர்கள். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் கைப்பேசிக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். போன வாரம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேனே, அப்போது எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதச் சொன்னதால் சொல்கிறேன்.

எந்தக் கட்டளையைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறது. எனக்குத் தெரிந்ததில் பாதி இப்போது செல்லாது. ஆனால் நம் தொழிலில் மாறவே மாறாத ஒரு வாக்கியம் உண்டு. "எங்கிட்ட நல்லா ஓடுதே." நான் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களில் ஒருவர் அதை இரண்டு பேரிடம் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர்.

அந்த வாக்கியத்தை நாம் ஒரு தகவலாகச் சொல்கிறோம். கேட்பவருக்கு அது தகவலாகப் போய்ச் சேர்வதில்லை. நீ பொய் சொல்கிறாய் என்றோ, கோளாறு உன்னிடம்தான் என்றோ போய்ச் சேர்கிறது.

அனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருக்கும்போது அவருடைய கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துவிடும். நம் கடையில் வைத்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும். திருஷ்டி என்று முடிவுகட்டி, மானிட்டர் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஸ்டுடியோவும் வீடும் ஒன்றாக இருந்த அந்த இடத்துக்கே நான் போய் ஒரு காபி குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் அவருடைய மாமியார் சமையலறையில் கிரைண்டரைப் போட்டார். கம்ப்யூட்டர் அணைந்தது. வீட்டில் எல்லாமே ஒரே லைனில் இருந்தன, அந்த அம்மாள் மாவாட்டவே மகள் வீட்டுக்கு வந்து போகிறவர். லைனைப் பிரித்துப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், மாமியாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் குடும்பம் இன்றுவரை ஒற்றுமையாக இருப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

அது சிரித்துவிட்டு மறக்கக்கூடிய விஷயம். ஏழுமலை அண்ணன் விஷயம் அப்படியில்லை. இதை நான் எழுதக் கூடாது என்று சரவணன் கேட்டுக்கொண்டான், ஏனென்றால் இதில் அவன் வருகிறான். இன்று உங்கள் மேலதிகாரியாக, கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து உங்களை விரட்டிக்கொண்டிருப்பவனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

ஏழுமலை, செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டைக்குத் தனியார் பஸ் ஓட்டியவர். நம் கடை முன்னால்தான் அந்த பஸ் திரும்பும். உள்ளே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவர் வருவது எங்களுக்குத் தெரிந்துவிடும், தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இடது கை விழுந்துவிட்டது. வலது கையை மட்டும் வைத்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். வண்டி நிறைய ஆட்கள், ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை. ஊரே அவரைப் புகழ்ந்தது. அவருக்கு மட்டும் அது காதில் ஏறவில்லை. வண்டி நடுவழியில் நின்றது, ஜனங்கள் இறங்கி நடந்தார்கள் என்பதுதான் அவர் மனதில் தங்கியது.

கால் தேறியது. பேச்சும் தேறியது. இடது கை தேறவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண், இந்தச் சில மாதங்களுக்குள் கையை அசைக்க வைத்தால்தான் உண்டு, விட்டுவிட்டால் அப்படியே தங்கிவிடும் என்று சொன்னாள். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஏழுமலை அதை வலது கையால் எடுத்து வெளியே வீசினார். அவருடைய மனைவி காசியம்மாள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார். அந்த வீட்டில் பயிற்சி செய்தது காசியம்மாள் ஒருவர்தான்.

மகள் திவ்யா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்தவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. விளையாட்டுக்காக விற்கும் ஸ்டியரிங் ஒன்றை யாரிடமோ பழையதாக வாங்கி, தன் பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஸ்டியரிங் என்றால் இரண்டு கையாலும் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். விண்டோஸின் கனம் தாங்காமல் அது முக்கி முனகியபோது, லினக்ஸைப் போட்டு எழுப்பி உட்கார வைத்தவன் சரவணன். விளையாட்டோ விண்டோஸுக்காக எழுதப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் நின்று, அது சொல்வதை இதற்கும் இது சொல்வதை அதற்கும் எடுத்துச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டென்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு நான் வைத்த பெயர் துபாஷி. ஒரு காலத்தில் நம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து போன துரைமார்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேசியவர்களை அப்படித்தான் சொல்வார்கள். நம் ஊருக்குப் பழக்கப்பட்ட உத்தியோகம்தான்.

ஏழுமலை உட்கார்ந்தார். முதல் சில நாட்கள் ஏதோ ஒரு தேசத்தின் பனிமலைப் பாதையில் மெதுவாக, பயந்து பயந்து ஓட்டினார். அப்புறம் தைரியம் வந்தது. தைரியம் வந்த பிறகுதான் கோளாறும் வந்தது. நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளையாட்டு அப்படியே மூடிக்கொண்டு வெறும் திரை வந்து நிற்கும். திரும்பத் திறந்தால் திரும்ப அதே.

சாதாரண ஆளுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். அந்த மனிதருக்கு அது வேறு. திவ்யா கம்ப்யூட்டரையும் ஸ்டியரிங்கையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"வண்டி நடுவுல நிக்கறப்பல்லாம் நைனா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுதுக்கா. அன்னிக்கு நடந்ததே திரும்பத் திரும்ப நடக்கிற மாதிரி இருக்குது போல."

சரவணன் அதைத் தன் மேசையில் வைத்துக் கடமை தவறாமல் ஓட்டிப் பார்த்தான். மலை ஏறினான், இறங்கினான், பாலத்தைத் தாண்டினான். ஒரு கையில் சாம்பார் சாதத்தோடு இன்னொரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டியதை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கடை ரீசார்ஜ்காரரும் வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போனார். எதுவும் நிற்கவில்லை. சரவணன் அந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தைச் சொல்லிக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தான். வீட்டில் முதல் வளைவிலேயே நின்றது.

மறுபடி கொண்டுவந்தாள். இந்தத் தடவை சரவணன் படத்தைக் காட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றினான், துபாஷியை மாற்றினான், விளையாட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். உங்கள் மூவருக்கும் இது வைத்தியமாகத் தெரியும். எனக்கு இது சாமி கும்பிடுவது மாதிரிதான், எதற்குப் பலன் கிடைத்தது என்றே கடைசிவரை தெரியாது. கடையில் பஸ் ஜம்மென்று ஓடியது. வீட்டில் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே நின்றது.

அன்றைக்கு ஏழுமலை கோபப்படவில்லை, கத்தவில்லை. மகளிடம் சும்மா கேட்டாராம்.

"அவன் ஓட்டனா ஓடுது. நான் ஓட்டனா நிக்கிது. அப்ப கோளாறு எதுல இருக்குது, நீயே சொல்லு."

இன்னொரு தடவை நின்றால் தான் அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். திவ்யாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அவள் போய்விட்டால் ரப்பர் பந்தும் காசியம்மாளும்தான் மிச்சம்.

ஞாயிறு மத்தியானம் நானும் சரவணனும் திண்டிவனம் சாலையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். சரவணன் வழியெல்லாம் மென்பொருள் பதிப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். அங்கே போய் எதையும் தொடாதே என்று சொன்னேன். வெறும் கையோடு உட்காரச் சொன்னால் உங்கள் மேலதிகாரிக்கு அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்துவிடும்.

ஏழுமலை கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது.

"கம்ப்யூட்டரம்மா வந்துட்டீங்களா. வீணா இன்னாத்துக்கு வெயில்ல வந்துகினு," என்றார்.

"நீங்க ஓட்ட வேணாம் அண்ணே. நான் ஓட்டறேன். நீங்க பேசஞ்சரு. சும்மா பாத்துகினு வாங்க."

எனக்கு மொபெட் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கிளம்பும்போதே ஒரு கம்பத்தை உரசினேன். வளைவில் எதிர்த் தடத்துக்குப் போனேன். கட்டிலில் இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"பிரேக்க அப்படி மிதிக்காத. உள்ள நிக்கிறவன்லாம் மேல வந்து விழுவான்."

"சரிண்ணே."

"சரின்னு சொல்லிட்டு திரும்ப அதையே பண்ற. லெப்டுல வா. லெப்டுல வாம்மா. யாரும்மா உனக்கு லைசன்சு குடுத்தது."

"யாரும் குடுக்கலண்ணே."

"நவுரு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் போனோம். எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைத் தூக்கி ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்கிறேன். அந்த அறையில் இருந்த திவ்யா, காசியம்மாள், சரவணன் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பழுதும் அதில்தானே வரப்போகிறது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்ததாலும், என் கண்ணாடி அழுக்காக இருந்ததாலும், திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

மனிதர் ஹாரன் அடித்தார். வளைவுக்கு முன்னால் அடித்தார், வளைவில் அடித்தார், வளைவு முடிந்ததும் அடித்தார். எதிரே லாரி வந்தபோது அடித்தார், லாரி போன பிறகு எதற்கோ அடித்தார். ஆளே இல்லாத பனிமலையில், அவலூர்பேட்டைச் சந்தைக்குள் பஸ்ஸை நுழைப்பவர் போல விடாமல் அடித்தார். ஒரு குறுகலான பாலம் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஹாரன் ஏறியது, சத்தம் கரகரத்தது, இழுத்தது, திரை வெறுமையானது.

ஏழுமலை கையை எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா," என்று மட்டும் சொன்னார். யாரையும் பார்க்காமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை டீக்கடைப் பக்கம் மெதுவாக நடந்து போய்விட்டார். திவ்யா அழுதாள்.

சரவணன் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. பழுது எதனால் என்பதை அவனும் காதால் பிடித்துவிட்டான்.

"ஹாரன்தான்க்கா. ஒவ்வொரு தடவ அமுக்கறப்பவும் புதுசா ஒரு சத்தத்த தொறக்குது. மொத சத்தம் முடியறதுக்குள்ள அடுத்தது, அடுத்தது. நடுவுல இருக்கிற துபாஷி அவ்ளோத்தையும் சொமக்க முடியாம விழுது. விழறப்ப கேமையும் சேத்து இழுத்துகினு விழுது."

"நீ கடையில எத்தன தடவ ஹாரன் அடிச்ச?"

அவன் யோசித்துப் பார்த்தான். ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ரீசார்ஜ்காரரும் அடிக்கவில்லை. விளையாட்டில் ஹாரன் அடிக்க யாருக்குத் தோன்றும். பஸ் ஓட்டியே வாழ்ந்தவருக்குத்தான் தோன்றும். விளையாட்டை எழுதியவர்களுடைய ஊரில் ஹாரனை ஆபத்துக்கு மட்டும் தொடுவார்கள் போலிருக்கிறது, அதனால் இத்தனை அடியை அவர்களும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பயந்து ஓட்டிய நாட்களில் ஏன் நிற்கவில்லை, நன்றாக ஓட்டத் தொடங்கியதும் ஏன் நின்றது என்பதும் விளங்கிவிட்டது. மனிதர் தேறத் தேறத்தான் ஹாரனும் கூடியிருக்கிறது.

"இன்னாக்கா யோசன. ஹாரன் பட்டன கழட்டி விட்டுடறேன். ஒரு நிமிஷ வேல. அப்புறம் நிக்கவே நிக்காது," என்றான் சரவணன்.

"கழட்டிடுங்கண்ணா," என்றாள் திவ்யா. "நைனா திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிட்டா நான் அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சிடுவேன்."

நியாயமான பேச்சு. நிச்சயமான வைத்தியம், வாடிக்கையாளரே கேட்கிறார், நேரமும் இல்லை. உங்கள் மூவரில் யாராக இருந்தாலும் கழற்றியிருப்பீர்கள். நான் வேண்டாம் என்றேன்.

சரவணனுக்குக் கோபம் வந்தது. "ஏன்க்கா?"

"ஹாரன அவரு எந்தக் கையில அமுக்கினாரு?"

அவர்கள் இருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நான் பார்த்திருந்தேன். ஸ்டியரிங்கின் இடது பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். பந்தை அமுக்க மறுத்த அந்த இடது கையின் கட்டைவிரல்தான், யாரும் சொல்லாமல், அவருக்கே தெரியாமல், அதை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.

திவ்யா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நைனா வண்டியில கியர் ராடு தலையில ஹாரன் சுச்சு இருந்துச்சுக்கா. இடது கை அதுலயேதான் இருக்கும். அதான் இங்கயும் இடது பக்கமே வெச்சிக் குடுத்தேன். வேற ஒண்ணும் நெனச்சி வெக்கல."

வலது பக்கத்துக்கு மாற்றினாலும் பயனில்லை, கழற்றினாலும் பயனில்லை. விளையாட்டு ஓடும், கை நின்றுவிடும். ஓட வேண்டியது எது என்று அன்றைக்கு அந்த அறையில் கொஞ்ச நேரம் எங்கள் எல்லோருக்குமே மறந்துபோயிருந்தது.

"ஹாரன் இருக்கணும், எவ்ளோ அடிச்சாலும் நிக்கக் கூடாது. உன்னால முடியுமா?" என்று கேட்டேன்.

"சத்தம் போற வழிய கொஞ்சம் அகலப்படுத்தினா முடியும்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்," என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று அவன் சொன்ன முதல் நாள் அது.

ஆபத்து எங்கே இருந்தது என்று பாருங்கள். அரைகுறையாகச் சரிசெய்து, ஏழுமலை முன்னால் இன்னொரு தடவை நின்றால், அவர் அந்த நாற்காலிக்குத் திரும்பப் போவதில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் அவர் டீக்கடையில் இருக்கும்போதே சோதித்தாக வேண்டும். சோதிக்க ஆள் யார்? சரவணன் உட்கார்ந்து ஹாரன் அடித்தான். கலெக்டர் வீட்டு வாசலில் நின்று மணி அடிக்கிறவன் போல ஒரு தடவை அடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அந்த அடிக்கு எந்த மென்பொருளும் விழாது.

"தள்ளுங்கண்ணா," என்றாள் திவ்யா. "அந்த வண்டியில எஞ்சின் பெட்டி மேல உக்காந்து ஸ்கூலுக்குப் போனவ நான்."

சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வளைவுக்கு இப்படி, சைக்கிளுக்கு இப்படி, மாட்டுக்கு இப்படி, காரணமில்லாமல் இப்படி என்று தகப்பனாரின் தாளத்தை அப்படியே வாசித்தாள். விளையாட்டு நின்றது. சரவணன் எதையோ மாற்றினான். மறுபடி வாசித்தாள், பாலம் வரை தாங்கிவிட்டு நின்றது. ஐந்து மணி பஸ்ஸின் சத்தம் சாலையில் கேட்டது, அவள் தலையைத் தூக்கவில்லை. சரவணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை மாற்றினான். பாலம் தாண்டியது. அடுத்த ஊர் தாண்டியது. கட்டைவிரல் வலிக்கிறது என்று அவளே நிறுத்தும்வரை விளையாட்டு நிற்கவில்லை.

நான் டீக்கடைக்குப் போனேன். கையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று திவ்யாவிடமும் சரவணனிடமும் சொல்லியிருந்தேன். பந்தை அமுக்கு என்று சொல்லிச் சொல்லித்தானே அந்தக் கை முரண்டு பிடித்தது.

"அண்ணே, கோளாறு உங்ககிட்ட இல்ல. நீங்க அடிச்ச ஹாரன அதால தாங்க முடியல. அத எழுதினவங்க ஊர்ல யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்களாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஹாரன் அடிக்காம எப்படிம்மா பஸ் ஓட்டுவான்?"

"பேசாம ஓட்டுவானுங்க போல இருக்குது."

"எதிர்ல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"அத அவனுங்களத்தான் கேக்கணும்."

அவர் சிரித்தார். கோணலான சிரிப்பு, வாய் இன்னும் முழுதாக நேராகியிருக்கவில்லை. இருந்தாலும் சிரிப்புதான். எனக்கு முன்னால் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

உட்கார்ந்ததும் ஓட்டத் தொடங்கவில்லை. முதலில் லேசாக ஒரு ஹாரன் அடித்துப் பார்த்தார். நிற்கவில்லை. கொஞ்சம் நீளமாக ஒன்று. நிற்கவில்லை. அதன் பிறகு வண்டியைக் கிளப்பினார் பாருங்கள், ஹெட்போன் இல்லாமல், சத்தத்தை முழுக்க வைத்து. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை ஓரமாக எடுத்து நிறுத்தினார், இது பொய்யில்லை. அந்தக் குறுகலான பாலம் வந்தது. சரவணன் கண்ணை மூடிக்கொண்டான். ஹாரன் மேல் ஹாரனாக ஏறி, பாலம் முடிந்து, வண்டி மலை மேல் போய்க்கொண்டே இருந்தது.

சுவரோரம் நின்றிருந்த காசியம்மாளுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஏழுமலை டீக்கடைக்குப் போனதும் இவர் கொல்லைப்புறம் போய்விட்டார், எங்கள் பேச்செல்லாம் அப்போதுதான் நடந்தது. அவர் மெல்ல முன்னால் வந்தார். திரையைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"இன்னாங்க," என்றார், "எந்தக் கையில ஹாரன் அடிக்கிறீங்க?"

நான் பயந்துபோனேன். அவ்வளவு நேரம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே கேள்வியில் உடைத்துவிட்டாரே என்று இருந்தது. ஏழுமலை வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினார். குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். அந்தக் கட்டைவிரல் அசையாமல் பொத்தான் மேல் இருந்தது. அப்புறம் அதைப் பார்த்தபடியே, மெதுவாக ஒரு தடவை அமுக்கினார். ஹாரன் ஒலித்தது. காசியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திவ்யா ராத்திரி பஸ்ஸுக்குத்தான் போனாள். திரும்பும் வழியில் சரவணன் பதிப்புகளின் பெயர் எதையும் சொல்லவில்லை. "கழட்டியிருந்தா இன்னாக்கா ஆயிருக்கும்," என்று மட்டும் கேட்டான். நீங்களும் உங்கள் முதல் வருஷத்தில் இப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் நல்லது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, கடைக் கதவை யாரோ வலது கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏழுமலை. இடது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மேசை மேல் அதை வைத்தார். சரவணன் எழுந்து நின்றான்.

"திரும்ப நிக்கிதாண்ணே?"

"அதெல்லாம் நிக்கல. இந்த பட்டன் தேஞ்சி போச்சுப்பா. நல்லதா ஒண்ணு போட்டுக் குடு. இது அடி தாங்க மாட்டேங்குது."